சொந்தக்காரர் வரட்டும்

எனக்கும் ஜவாத் நானாவின் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தட்டிதான். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் நூல்கட்டை உருளும் என்று பகிடியாகச் சொல்வோம். அப்படியிருந்தும் அவர் இறந்த செய்தி கட்டாருக்குப் போய்த்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

நடந்தது இதுதான். எங்கள் வீதி வியாபாரிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அதில் ஜனாஸா அறிவித்தல் போட்டிருக்கிறார்கள். தையல்கடை நடத்துகிறவள் நான். குழுவில் இருப்பதோ என் கணவரின் இலக்கம். பெண்கள் இருந்தால் ஆண்கள் வாய்விட்டுக் கதைக்க ஏலாதாம். அதனால் பெண்கள் நடத்துகிற கடைகளுக்கும் வீட்டு ஆண்களைத்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் நித்திரையால் எழும்பி, முகம் கழுவி, போனைப் பார்த்து, என்னைக் கூப்பிட்டபோது நான் கடைப் பூட்டில் திறப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“பக்கத்துக் கடை நானா மோசம் போயிட்டாராம். உனக்குத் தெரியாதே?” என்றார்.

பக்கத்து ஷட்டர் பூட்டிக் கிடந்தது. நானா ஒருநாளும் எனக்குப் பிந்திக் கடை திறந்தவர் அல்லர். எதிரில் தேத்தண்ணிக் கடையில் நின்ற ஆண்கள் எல்லோர் முகத்திலும் செய்தி எழுதியிருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்தக் கதையை நானாவிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாரே என்று நினைத்த பிறகுதான் அழுகை வந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜவாத் நானா போன் திருத்துகிறவர். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றும் அக்காமாரை ராத்தா என்றும் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். கிண்ணியாவில் வீடு, பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு நாளும் திருகோணமலைக்கு வருவார். முன்பு ரேடியோவும் கசெட் பிளேயரும் திருத்தினார், பிறகு மீன்பிடிப் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைத் திருத்தினார், காலம் மாற மாற அவரும் மாறினார். ஒல்லியான ஆள். நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியை மறந்துபோய் மேசை முழுக்கத் தேடுவார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தே “நெற்றியில பாருங்கோ நானா” என்பேன். “நீங்க எப்பிடித் தங்கச்சி பாக்காமலே சொல்லுறீங்க?” என்று ஒவ்வொரு முறையும் அதிசயப்படுவார்.

எங்கள் இரண்டு கடைகளும் முன்பு ஒரே கடையாக இருந்தவை. வாடகை கூட வருமென்று கட்டடக்காரர் நடுவில் தட்டி அடித்தாரே தவிர கரண்ட் இழுத்துத் தரவில்லை. அவருடைய பக்கத்துப் பிளக்கில் இருந்து என் அயன்பெட்டிக்கு வயர் வர வேண்டியிருந்தது. அதற்காகத் தட்டியில் ஓர் ஓட்டை போட்டோம். இந்த ஊரில் எத்தனையோ பெண்களின் போன்கள் பிழைத்தது அந்த ஓட்டையால்தான்.

போன் கடை என்பது எங்கள் ஊரில் சலூன் மாதிரி. நானாவின் கடைவாசலில் ஒரு வாங்கு கிடக்கும். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், கடலுக்குப் போய் வந்தவர்கள், ஓட்டோக்காரர் என்று எந்த நேரமும் ஆண்கள் குந்தியிருப்பார்கள். போனைக் கழற்றிப்போட்டால் அது திருந்தும்வரை அரசியல் கதைப்பார்கள். அந்த வாங்கைத் தாண்டி உள்ளே போக எந்தப் பெண்ணுக்குக் கால் வரும்? போன் பழுதென்றால் அண்ணனிடமோ கணவனிடமோ கொடுத்துவிடுவார்கள். அல்லது திரை உடைந்த போனிலேயே விரலைக் கிழித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பார்கள்.

நான் கடை போட்ட புதிதில் கப்பல்துறையில் இருந்து ஒரு பிள்ளை பிளவுஸ் தைக்க வந்தது. அளவெடுக்கும்போதே கண் தட்டிப் பக்கம் போய்ப் போய் வந்தது. கேட்டேன். போன் திடீரென்று கறுத்துப்போய்விட்டதாம், அடுத்த கடைக்குப் போகக் கூச்சமாம். இவ்வளவுதானே என்று போனை வாங்கி ஓட்டைக்குள்ளால் நீட்டினேன்.

“இது யார்ட போன்?” அந்தப் பக்கமிருந்து நானா கேட்டார்.

“ஒரு பிள்ளையின்ர. இஞ்சதான் நிக்குது.”

“அப்ப அவட்டயே கேட்டுச் சொல்லுங்க தங்கச்சி, நான் இதத் திறக்கலாமா எண்டு.”

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, தட்டியைப் பார்த்தது. “என்னட்டயோ கேக்கிறார்?” என்றது. அந்தப் போனைப் பற்றி அதுவரை எவரும் அந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. ஓம் என்று சொல்லச் சற்று நேரம் எடுத்தது. சொன்ன பிறகு அந்த முகத்தில் வந்த சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்தப் பிள்ளை போய் ஊரில் சொல்லியிருக்க வேண்டும். கட்டைபறிச்சானில் இருந்தும் திரியாயில் இருந்தும்கூட என்னிடம் பிளவுஸ் தைக்க வரத் தொடங்கினார்கள். நான் அவ்வளவு பெரிய தையல்காரியா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நாளடைவில் நானா வெளியிலிருந்து பார்த்தே போன் ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்லிவிடுவார். கடலில் விழுந்தது, சாறத்தில் இருந்து நழுவி விழுந்தது, கோபத்தில் எறிந்தது என்றால் ஆண். சார்ஜ் போடும் துளையில் மா அடைத்திருந்தால், கண்ணாடியில் பிள்ளையின் பல் பட்டிருந்தால் பெண். வீட்டுக்குப் புதுப் போன் வந்தால் அது கணவனுக்கு. அவருடைய பழையது மனைவிக்கு. அதன் பட்டரி வீங்கி மூடி கழன்ற பிறகும் ரப்பர் பட்டி போட்டுப் பாவிப்பார்கள். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னது இது:

“ஆம்புளட போன் அவன்ட போன், தங்கச்சி. பொம்புளட போன் வீட்டுப் போன். பாருங்களன், அவன்டதுக்கு லொக் இருக்கும். இவட போன்ல மகன் கேம் விளையாடுவான், மாமி பாட்டுக் கேப்பா, மச்சான் எடுத்து யார் கதைச்சதெண்டு பாப்பான். பேருக்குத்தான் அவட.”

ஆண்கள் ஏன் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வைக்கிறார்கள், பெண்கள் ஏன் நீளநீளமாக வொய்ஸ் போடுகிறார்கள் என்று வாங்கில் இருந்தவர்கள் ஒருமுறை கேலி செய்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கத்தில் இருந்து நான் வாயைத் திறப்பதற்குள் நானா முந்திக்கொண்டார். உலை கொதிக்கிற நேரம், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நேரம் என்று கிடைக்கிற இடைவெளியில்தானே அவர்கள் பேச வேண்டியிருக்கிறது, நீங்கள் வாங்கில் இருந்து கதைக்கிறதை அவர்கள் துண்டுதுண்டாகக் கதைக்கிறார்கள் என்றார். 

துண்டு என்றதும் நினைவு வருகிறது. போன்களில் பெயர் எழுதி வைக்கப் பெண்கள் விரும்பவில்லை. ஆகவே நானும் நானாவும் ஒரு வழி கண்டோம். ஒவ்வொரு போனுக்கும் நான் வெட்டுத்துணியில் ஒரு துண்டை எடுத்து இரண்டாகக் கிழிப்பேன். ஒரு பாதி போனோடு சேர்த்துக் கட்டப்படும், மறுபாதி போனின் சொந்தக்காரியிடம். திருத்திய பிறகு இரண்டையும் பொருத்திப் பார்த்துத்தான் கொடுப்பது. அதோடு சட்டம் முடியவில்லை. துண்டு வந்தால் மட்டும் போதாது, சொந்தக்காரரும் வர வேண்டும். சட்டத்தின் அந்த இரண்டாவது பாதியில்தான் நானாவுக்குச் சோதனை வந்தது.

மூதூர்ப் பக்கத்தில் படகுகள் வைத்திருக்கிற ஒருவர், பெயர் வேண்டாம், முதலாளி என்றே சொல்கிறேன், ஒரு காலை நேரம் நேரே கவுண்டருக்கு வந்தார். கையில் நீலக் கரை போட்ட துணித்துண்டு. மனைவியின் கைப்பைக்குள் இருந்து எடுத்திருக்கிறார். போனைத் தரச் சொன்னார், லொக்கையும் எடுத்துத் தரச் சொன்னார். நானா துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சொந்தக்காரர் வரட்டும் என்றார்.

“காசு குடுத்து வாங்கினது நான். சிம்மும் என்ர பேரில. பிறகு ஆர் சொந்தக்காரர்?” முதலாளியின் குரல் வீதிக்குக் கேட்டது.

“போன் உங்கட காசு, சிம் உங்கட பேரு. அதெல்லாம் சரி. அதுக்குள்ள இருக்கிற கதை அவட. அவ வந்து கேக்கட்டும், குடுக்கிறன்.”

நான் கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடி தட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அடி விழும் என்றே நினைத்தேன். விழவில்லை. ஆனால் அடியைவிட மோசமானது நடந்தது. குடும்பத்துக்குள் கலகம் மூட்டுகிற கடை என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. வாங்கு வெறுமையானது. ஆண்கள் தங்கள் போன்களை வேறு கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். நானா கவுண்டரில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அந்த மனைவி இரண்டு நாள் கழித்துத் தானே வந்து போனை வாங்கிப் போனார். அதற்குள் என்னதான் இருந்தது நானா என்று நான் கேட்டேன். என் வாழ்க்கையில் அவர் என்னை ஏசியது அன்றைக்கு ஒருமுறைதான்.

பெரியவர்கள் சிலர் வந்து பக்குவமாக விசாரித்தார்கள். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் உனக்கென்ன வேலை என்று கேட்டார்கள். நானா அவர்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி எடுப்பித்து, பணிவாகச் சொன்னார். “இது அமானிதம். தந்தவங்கட கையில திருப்பிக் குடுக்கிறதுதான் என்ட வேல. வேற கையில குடுத்தா நாளைக்கு அல்லாஹ்ட முன்னால எனக்கல்லவா கேள்வி?” நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்பார்கள்.  தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாதங்களில் நானாவின் கடையைக் காப்பாற்றியவர்கள் பெண்கள்தான். பழுதில்லாத போனைக்கூடத் துடைத்துத் தரச் சொல்லி ஓட்டைக்குள்ளால் நீட்டியவர்கள் இருந்தார்கள். நானும் என் பங்குக்குச் சொந்தக்காரிகள் எல்லோரையும் விரட்டி விரட்டிப் போன்களை வாங்கினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எதற்காவது உதவட்டுமே.

பிறகு மழைக்காலத்தில் ஒருநாள் அதே முதலாளி வந்தார். இந்தமுறை பிளாஸ்டிக் பையில் சுற்றிய அவருடைய சொந்தப் போன், கொட்டியாரக்குடாத் தண்ணீர் சொட்டச் சொட்ட. வேறு இரண்டு கடைகளில் கைவிரித்துவிட்டார்களாம். கவுண்டரில் வைத்துவிட்டு அங்குமிங்கும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நானா, என்ர மனுசி வந்து கேட்டாலும் இதைக் குடுக்கக்கூடாது.”

“எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் முதலாளி,” என்றார் நானா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். பிறகு தட்டியில் தட்டினார். “தங்கச்சி, ஒரு துண்டு வெட்டுங்க.”

நான் என்னிடம் இருந்ததிலேயே பெரிய றோஸ்பூப் போட்ட துணியாகப் பார்த்து எடுத்துக் கிழித்தேன். முதலாளி தன் பாதியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை அந்த வாங்கில் பழையபடி இடமில்லை.

இவ்வளவும் செய்த மனிதரின் வீட்டில் மனைவிக்குப் போன் இல்லை என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நானாவே கோபித்துக்கொள்வார். பரீதா ராத்தாவுக்கு அவர் எத்தனையோ போன்கள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எல்லாமே அலுமாரிக்குள் போயின. ஊருக்கெல்லாம் போன் திருத்துகிறேன், என் வீட்டில் ஒரு போனை உயிரோடு வைத்திருக்க முடியவில்லை என்று புலம்புவார். அவர்தான் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நான், ஒரு பெருநாளுக்கு வீட்டுக்குப் போனபோது ராத்தாவிடம் நேரே கேட்டேன். ராத்தா வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். போன் கையில் இருந்தால் எங்கே நிற்கிறாய், என்ன செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இப்போது கேட்கிறவர்கள் வந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. வந்தால் இருந்து சாப்பிட்டுவிட்டும் போகிறார்கள். இதைக் கேட்டு நானா தலையைச் சொறிந்தார். வேண்டும் என்பவளுக்கு அவளுடையதாக இருக்கட்டும், வேண்டாம் என்பவளை விட்டுவிடுவோம் என்றார். இரண்டுக்கும் இடம் கொடுக்கிற மனது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது என் போனுக்காகத்தான். அதன் கண்ணாடி வெடித்து எவ்வளவோ காலம். ஊர்ப் பெண்களை எல்லாம் விரட்டிய நான் என்னுடையதைக் கொடுக்கவில்லை, வேலைக்கு நடுவில் போன் இல்லாமல் எப்படி இருப்பதென்று. அன்று பின்னேரம் அவர் ஓட்டைக்குள்ளால் கையை நீட்டி, இன்றைக்குத் தந்தால்தான் கையை எடுப்பேன் என்று நின்றார். என் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டுத் தந்தார். எனக்கும் துண்டா என்று கேட்டேன். பிறகென்ன, சட்டம் எல்லாருக்கும்தானே என்றார். நான் வெட்டிக்கொண்டிருந்த பச்சைத் துணியிலேயே ஒரு துண்டைக் கிழித்தேன். நாளைக்குத் தருகிறேன் தங்கச்சி என்றார். வீட்டுக்குப் போய், விடியப்புறம் நெஞ்சுக்குள் நோகிறது என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

செய்தி கேட்டதும் கிண்ணியாவுக்கு ஓடினேன். ராத்தாவின் பக்கத்தில் பெண்களோடு பெண்களாக இருந்தேன். ஆண்கள் நானாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடையைத் திறந்து பார்த்தபோது துண்டு கட்டிய போன்கள் மேசை லாச்சி நிறைய இருந்தன. சொந்தக்காரிகளுக்குச் செய்தி தெரியாது. என்னைப் போலவே அவர்களும் எந்தக் குழுவிலும் இல்லை. நானாவின் மருமகன் நல்ல பையன், ஆனால் கடை வேலை தெரியாது. வீட்டுக்காரர் எவராவது வந்து கேட்டால் கொடுத்துவிடுவோம் என்றார். எனக்குத் திக்கென்றது. ராத்தா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பிறகு அந்தக் காலம் முடியும்வரை அவர் வெளியே போவதில்லை, வேற்று ஆண்கள் அவரை வந்து காண்பதும் இல்லை. அறைக்குள் இருந்தபடியே சொல்லி அனுப்பினார்: எல்லாப் போனையும் இங்கே கொண்டு வாருங்கள், என் அறையில் வையுங்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு நடுத்தெருவில் சிரிப்பு வந்துவிட்டது. இனி எந்தக் கணவன் போய் எந்தப் போனைக் கேட்பது? துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முதலாளியும் அந்த அறை வாசலுக்கு வர முடியாது. பெண்கள்தான் போக வேண்டும். நானா வாழ்நாள் முழுக்க வாதாடிக் காப்பாற்றிய சட்டத்தை ராத்தா ஒரு வார்த்தை உயர்த்திப் பேசாமல் நடத்திவிட்டார்.

போன கிழமை நானும் போனேன். ராத்தா வெள்ளைச் சேலையில், கட்டிலருகே ஒரு கதிரையில் இருந்தார். மடியில் நானாவின் போன், சார்ஜர் வயரோடு. அதற்கு லொக் இருக்கிறது. எண் யாருக்கும் தெரியாது. ஆனால் வருகிற அழைப்பை எடுக்கலாம். எப்படி எடுப்பதென்று மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வாழ்நாளில் போன் வேண்டாம் என்றிருந்தவர் இப்போது நாள் முழுக்க அழைப்பு எடுக்கிறார். நானாவைத் தேடுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து சொல்கிறார்.

என் போனைக் கேட்டேன். “துண்டு எங்க?” என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையைக் கிண்டிப் பச்சைத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். பொருத்திப் பார்த்துவிட்டுப் போனைத் தந்தார். கண்ணாடி புதிதாகப் போட்டிருந்தது. நான் கொடுத்த அன்று பின்னேரமே, வீட்டுக்குப் போகுமுன்னரே, நானா வேலையை முடித்திருக்கிறார். 

அவருடைய போனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். வேறு கடையில் கொடுத்துத் திறக்கலாம் என்று மருமகன் சொன்னாராம், படங்கள் இருக்குமே என்று. ராத்தா மறுத்துவிட்டார்.

“அது அவர்ட போன். அவர் வராமத் திறக்கிறல்ல.”

“அவர் இனி வரமாட்டார்தானே ராத்தா,” என்று மெல்லச் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அவர் எனக்கு அமானிதம், தங்கச்சி. தந்த சொந்தக்காரன் கேட்டான், குடுத்திட்டன். இதக் கேட்டு ஒருத்தரும் வரல்ல. இருக்கட்டும்.”

 அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது மடியில் இருந்த போன் அடித்தது. ராத்தா கையை விடுவித்து, விரலால் கவனமாக இழுத்து, காதில் வைத்தார்.

“ஓம், ஜவாத் நானாட போன்தான். நான் அவர்ட பொஞ்சாதி. அவர் மவுத்தாகிட்டாரு மகள். அழாதீங்க. உங்கட போன் என்னட்ட பத்திரமா இருக்கு. வேற ஆளையும் அனுப்பாதீங்க, நீங்களே வாங்க.”

போய் வாருங்கள் நானா. தட்டியில் உள்ள ஓட்டையை நான் அடைக்கவில்லை. உங்கள் பக்கம் இருட்டாகத்தான் கிடக்கிறது, ஆனால் என் அயன்பெட்டிக்கான வயர் இன்னும் அதற்குள்ளால்தான் வருகிறது.